பெட்டியில் 26 நாள்: ஏலத்தோட்டத்திலிருந்து ஒரு தாயின் கடிதம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கம்பம்மெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டப் பகுதியிலிருந்து 24 வயதுத் தாய் ஒருவர், குழந்தை மருத்துவராகிய எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பிறந்த வீடு மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கத்துக் கம்பம். கணவர் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்து தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்பக் கீழே கொண்டுபோய் விடுகிற ஜீப். இவரும் ஏழாம் மாதம் வரை, ஏலக்காயை நெருப்பு மூட்டி உலர்த்தும் ஸ்டோரில் காய் தரம்பிரிக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்.

31-வது வாரத்தில் ஓர் இரவு பனிக்குடம் உடைந்துவிட்டது. கணவர் தன் ஜீப்பிலேயே கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி, கீழே ஒரு சிறிய நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார். அங்கே இரவு 10 மணிக்குத் தொடையில் ஓர் ஊசி போட்டு, ‘இங்கே வைத்துப் பார்க்க முடியாது’ என்று சொல்லி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அங்கே இன்னோர் ஊசி. நண்பகலில் பெண் குழந்தை பிறந்தாள். எடை 1 கிலோ 450 கிராம். பிறந்ததும் அழுதாள், சற்று நேரத்தில் முனகத் தொடங்கினாள். மார்புக்கூடு உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. மூக்கில் குழாய் வைத்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, கணவரிடம் கையெழுத்து வாங்கி, ‘நுரையீரலை விரிக்கும் மருந்து’ ஒன்றை மூச்சுக்குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் செயற்கைச் சுவாசம், ஐந்து நாள் மறுபடி மூக்குக் குழாய், பிறகு பெட்டி (இன்குபேட்டர்), பிறகு நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறை. 26-வது நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்று குழந்தைக்கு வயது 45 நாள்.

அவர் கேட்பவை பல. ஸ்டோர்ப் புகையும் ஜீப் குலுக்கலும்தான் காரணமா? மலைக்குளிர் குழந்தையின் மூச்சை அடைத்துவிட்டது என்கிறார் மாமியார், உண்மையா? எனக்குப் போட்ட ஊசி ஸ்டீராய்டாமே, அதனால்தான் வலி வந்து குழந்தை பலவீனமாகப் பிறந்ததா? நாத்தனார் குழந்தைக்கும் பிறந்தவுடன் மூச்சு வாங்கியது, அதற்கு இந்த மருந்தெல்லாம் கொடுக்கவில்லையே? ஏழு மாதக் குழந்தை பிழைத்துக்கொள்ளும், எட்டு மாதம்தான் ஆகாது என்று எல்லோரும் தேற்றினார்கள். பிறகு ஏன் இத்தனை பாடு? அந்த மருந்து மாட்டின் நுரையீரலிலிருந்து எடுப்பதாமே? பிற்காலத்தில் ஆஸ்துமா வருமா? அடுத்த பிரசவத்தை மேலே வைத்துக்கொள்வதா, கீழே வைத்துக்கொள்வதா?

கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, போகிறபோக்கில் ஒரு வரி: ‘முப்பது நாளுக்குள் கண் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அந்த வாரம் மண் சரிந்து ஜீப் ஓடவில்லை. பாப்பா விளக்கை நன்றாகத்தான் பார்க்கிறாள். இனியும் போக வேண்டுமா?’

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் அழைத்து, மறுநாளே குழந்தையோடு கீழே இறங்கச் சொன்னேன். பயமுறுத்திவிட்டேன் என்று உங்கள் கணவருக்கு என்மீது வருத்தம் இருக்கலாம். மூச்சைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த ஒரு வரிதான் என்னை உட்காரவிடவில்லை. இதே நிலையில் உள்ள மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் அதையே எழுதுகிறேன்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடிந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் இது தெரியாது. குழந்தை விளக்கைப் பார்க்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும். உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். உரிய வாரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலோ கண்ணுக்குள் போடும் ஊசியாலோ பார்வையைக் காப்பாற்றிவிடலாம். அந்த வாரம் கைநழுவிப் போனால் பிறகு பெரிய மருத்துவமனைகளாலும் அதிகம் செய்ய முடியாது. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும் என்று நம் நாட்டில் வைத்திருப்பது இதனால்தான். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே பார்ப்போம். உங்கள் மகள் நீங்கள் எழுதிய அன்று கருவின் கணக்குப்படி 37 வாரத்தைத் தாண்டியிருந்தாள். சிகிச்சை தேவைப்படும் குழந்தைகள் பலருக்கு அது தேவைப்படுகிற நாட்கள் ஏறத்தாழ இவைதான்.

போய்வந்துவிட்டீர்கள். குழாய்களின் வளர்ச்சி இன்னும் முடியவில்லை, சிகிச்சை தேவைப்படும் கட்டத்திலும் இல்லை, இரண்டு வாரத்தில் மறுபடி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல செய்திதான். அந்த ‘மறுபடி’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி முழுமையாகிவிட்டது என்று கண் மருத்துவர் வாயால் சொல்லும்வரை அது முடியாது. இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

உள்ளே நடந்தது என்ன?

ஏலநாற்று வளர்க்கும் சிறிய பாலித்தீன் பைகளைக் கையாண்டிருப்பீர்கள். பை ஈரமாகிவிட்டால் அதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஊதினாலும் பிரியாது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் உள்ளே போனால் வழுக்கிக்கொண்டு திறந்துவிடும். நுரையீரலும் இப்படிப்பட்ட கோடிக்கணக்கான நுண்ணிய பைகளால் ஆனது. ஒவ்வொரு காற்றறையின் உட்சுவரிலும் ஈரப்படலம் உண்டு. அந்த ஈரத்தின் இழுவிசை அறையைச் சுருக்கப் பார்க்கும். அறை எவ்வளவு சிறியதோ அவ்வளவு வலுவாகச் சுருக்கும்.

இதற்கு மாற்றாக, அந்தச் சுவரில் உள்ள ஒருவகை உயிரணுக்கள் சோப்புப் போல வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. அதுதான் சர்ஃபாக்டன்ட். பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, மீதி புரதம். ஈரப்படலத்தின்மேல் பரவி, அதன் இழுவிசையைத் தளர்த்திவிடும். மூச்சை வெளியே விட்ட பிறகும் அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் பாதி திறந்தே இருப்பது இதன் தயவில்தான். கருவில் 24-வது வாரம் வாக்கில் சுரக்கத் தொடங்குகிறது. வெளியுலகில் மூச்சுவிடப் போதுமான அளவு சேர 34, 35 வாரமாவது ஆகிறது. உங்கள் மகளுக்கு மூச்சுக்குழாய், மார்புத் தசை, மூளையின் கட்டளை எல்லாமே இருந்தன. இந்தக் கொழுப்புப் படலம் மட்டும் போதவில்லை. ஒவ்வொரு மூச்சும் அவளுக்கு ஒட்டிய பையைப் புதிதாகப் பிரிப்பதுபோல் இருந்திருக்கும். மார்பு குழிந்தது அந்த உழைப்பால்.

முனகலைப் பற்றிக் கலங்கி எழுதியிருக்கிறீர்கள், ‘வலியில் முனகினாளோ’ என்று. இல்லை அம்மா. அது குழந்தை தானே கண்டுபிடிக்கும் ஓர் உபாயம். தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விட்டால் உள்ளே கொஞ்சம் காற்று தேங்கும், அறைகள் முழுதாக ஒட்டாது. யாரும் சொல்லித்தராமல், பிறந்த சில நிமிடங்களில், ஒன்றரைக் கிலோகூட இல்லாத ஒரு பிறவி இதைச் செய்கிறது. முப்பது ஆண்டு ஆகப்போகிறது நான் இந்தத் தொழிலுக்கு வந்து. இன்னும் எனக்கு இது பழகவில்லை. மூக்கில் வைத்த குழாய் இதே வேலையை இயந்திரத்தால் செய்கிறது, விடாமல் மெல்லிய அழுத்தம் கொடுத்து. 1971-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மருத்துவர் வெளியிட்ட முறை அது. குழந்தைதான் அவருக்கு முன்னோடி.

குழாய் மட்டும் போதாதபோது மருந்து. ஒரு தேக்கரண்டி அளவுதான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு நாளில் செயற்கைச் சுவாசத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றால், அது வேலை செய்திருக்கிறது.

அந்த மருந்து நுரையீரலிலேயே ‘இரவலாக’ ஒட்டிக்கொண்டிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. குழந்தையின் உயிரணுக்கள் அதை உறிஞ்சி, பிரித்து, தம் சொந்தச் சுரப்புக்கு மூலப்பொருளாக்கிக்கொள்ளும். மூன்று நான்கு நாளில் அவளுடைய சொந்தச் சரக்கு வந்துவிடும். வாழ்நாள் முழுதும் தொடர வேண்டிய மருந்து அல்ல.

மாட்டிலிருந்து எடுப்பதா? ஆமாம். மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து பிரித்துச் சுத்திகரித்தவைதான் நம் நாட்டில் பெரும்பாலும் கிடைக்கின்றன. எல்லையின் இருபுறமும் எல்லா மதத்துக் குடும்பங்களும் என்னிடம் வந்திருக்கின்றன. கேட்டவர்களிடம் நான் ஒருபோதும் மறைத்ததில்லை. விஷயம் தெரிந்து, ஒரு நிமிடம் யோசித்து, கையெழுத்துப் போட்டவர்களே அதிகம். மாமியார் அதற்காகப் பரிகாரம் செய்ய விரும்பினால் செய்யட்டும். உங்கள் குழந்தையின் மூச்சுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

ஏழும் எட்டும்

ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்று கம்பம் பள்ளத்தாக்கிலும் சொல்கிறார்கள், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களைத் தேற்றச் சொன்னவர்களைக் குறைகூறவில்லை. ஆனால் இது ஆபத்தான தேறுதல். வயிற்றில் கழிகிற ஒவ்வொரு வாரமும் அந்தக் கொழுப்புப் படலத்தைக் கூட்டிக்கொண்டேதான் போகிறது. ஏழிலிருந்து எட்டுக்குப் போகும்போது அது குறைவதில்லை. ‘ஏழு முடிந்துவிட்டது, பரவாயில்லை’ என்று வலியோடு வீட்டில் காத்திருந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் மாதத்தின்மேல் இந்தப் பழி ஏன் விழுந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை 2 கிலோவுக்கு மேல். நம் பாட்டிமார் கணக்கில் எட்டு மாதக் குழந்தை. பார்க்க நல்ல குழந்தையாக இருந்தவன், மூச்சுத் திணறி 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அந்தக் காலத்தில் ஏழு மாதக் குழந்தை பிழைக்கும் என்று வீட்டார் எதிர்பார்த்திருக்கவே மாட்டார்கள். தப்பிய ஒன்றிரண்டு பேர் அதிசயமாக நினைவில் நின்றிருப்பார்கள். எட்டு மாதக் குழந்தை கையில் கொழுகொழுவென்று இருந்துவிட்டுப் போனபோது அந்த அதிர்ச்சிதான் பழமொழியாகியிருக்கும்.

பேட்ரிக் இறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1959-இல், மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவரும் ஜெரி மீட் என்பவரும் இப்படி இறக்கும் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் இல்லை என்று காட்டியிருந்தார்கள். காரணம் தெரிந்திருந்தது, கையில் மருந்து இல்லை. ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்ததைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டது 1980-இல். அமெரிக்க அதிபரின் 2 கிலோ மகனுக்குக் கிடைக்காதது, ஏலத்தோட்டத்து 1 கிலோ 450 கிராம் மகளுக்கு அரசு மருத்துவமனையில் கிடைத்திருக்கிறது.

உங்களுக்குப் போட்ட ஊசி

இதில்தான் நீங்கள் நினைத்திருப்பது முற்றிலும் தலைகீழ். அது ஸ்டீராய்டுதான். குழந்தையின் நுரையீரல் உயிரணுக்களை அவசரப்படுத்தி முதிரச் செய்வதற்காகத் தாய்க்குப் போடுவது. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் இதை நிறுவினார்கள். லிகின்ஸ் அதற்கு முன்பு செம்மறி ஆடுகளில் வேறொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்தபின், பிழைக்கக் கூடாத அளவுக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆட்டுக்குட்டிகள் மூச்சுவிட்டதைக் கண்டுதான் இந்த வழிக்கு வந்தார். அவர்களுடைய ஆய்வில் சேர்ந்த தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளை முப்பது வயதுவரை தொடர்ந்து பார்த்து, பெரிய தீங்கு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நம் நாடு உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போடாத தாய்மாரின் குழந்தைகளில் 23.5 சதவீதம் பேர் இறந்தார்கள். ஊசி போட்டவர்களில் 19.6 சதவீதம். நூற்றுக்கு நான்கு உயிர். ஓர் ஊசிமருந்துக்கு இது பெரிய கணக்கு.

நம் அரசு மருத்துவமனைகளில் போடுவது டெக்சாமெத்தசோன்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு. அது வலியை வரவழைப்பதில்லை. உங்களுக்குப் பனிக்குடம் உடைந்த பிறகுதான் ஊசியே வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். முழுப் பலன் கிடைக்க ஒரு நாள் ஆகும். உங்களுக்குக் கிடைத்தது 14 மணி நேரம், இரண்டு ஊசி. அரைகுறைதான். ஆனாலும் பலன் உண்டு. அதுவும் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் மகள் இரண்டு நாளில் வென்டிலேட்டரை விட்டு வந்திருப்பாளா என்பது சந்தேகம். இதைக் கண்டவர்களுக்கெல்லாம் போடவும் கூடாது. வாரா வாரம் திரும்பத் திரும்பப் போட்டால் குழந்தையின் எடை குறையும்; தாய்க்குச் சர்க்கரை ஏறும். சில நாளில் பிரசவம் ஆகக்கூடும் என்று மருத்துவர் நம்பும்போது மட்டுமே போட வேண்டிய மருந்து இது.

அந்த நர்சிங் ஹோமைப் பற்றி ‘வைத்துப் பார்க்காமல் விரட்டிவிட்டார்கள், பணம் இல்லாதவர்கள் என்பதால்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. இரவு 10 மணிக்கு, பனிக்குடம் உடைந்த நிலையில், ‘இங்கே முடியாது’ என்ற சொல் எப்படி விழுந்திருக்கும்! பணம்தான் காரணமாக இருந்ததா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அவர்கள் செய்த இரண்டு காரியங்களை மட்டும் பாருங்கள். முதல் ஊசியைத் தாமதிக்காமல் போட்டார்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தை பிறந்த பிறகு வண்டியில் போவதைவிடத் தாயின் வயிற்றில் போவதே பத்திரம் என்பது எங்கள் துறையில் அரிச்சுவடி. கர்ப்பப்பைக்கு இணையான ஆம்புலன்ஸ் இதுவரை யாரும் செய்யவில்லை. அங்கேயே பிரசவம் பார்த்திருந்தால், முனகும் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு நள்ளிரவில் தேனிச் சாலையில் ஓடியிருப்பீர்கள். அவர்கள் பேசிய விதம் தவறாக இருக்கலாம். செய்த மருத்துவம் சரி.

நாத்தனார் குழந்தைக்கு வந்தது வேறு

37-வது வாரத்தில் நாள் பார்த்து அறுவைப் பிரசவம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தைக்குச் சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு இருந்திருக்கும். கருவில் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். பிரசவ வலி தொடங்கும்போதுதான் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும்படி உடலுக்குக் கட்டளை போகிறது. வலியே வராமல் எடுத்தால் சில குழந்தைகளுக்கு நீர் உள்ளே தங்கி, ஓரிரு நாள் மூச்சு வாங்கும். ஆக்சிஜன் வைத்தால் தானே சரியாகிவிடும். எக்ஸ்ரே பார்த்தாலே பெரும்பாலும் இரண்டும் பிரிந்து தெரியும். ஆகவே உங்கள் குழந்தைக்கு ஒரு நீதி, அந்தக் குழந்தைக்கு ஒரு நீதி என்று யாரும் நடத்தவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காரணம் இல்லாமல், நட்சத்திரத்துக்காக 39 வாரத்துக்கு முன் குழந்தையை எடுக்கச் சொல்லி என்னிடம் யாராவது சிபாரிசுக்கு வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். ஜாதகம் எழுதுவதற்குமுன் குழந்தை மூச்சுவிட வேண்டும்.

உங்கள் தவறா?

குளிர் பற்றி மாமியார் சொன்னதில் பாதி உண்மை. மலைக்குளிர் இந்த நோயை உண்டாக்கவில்லை. குழந்தை பிறந்ததே கீழே, வெயில் ஊரில். ஆனால் சின்னக் குழந்தையின் உடல் குளிர்ந்தால் ஆக்சிஜன் தேவை கூடும், மூச்சுத் திணறல் மோசமாகும். ஆகவே போர்த்திப் போர்த்தி வைக்கும் அவருடைய கையைத் தடுக்காதீர்கள். முகத்தை மட்டும் மூடவேண்டாம். கம்பளியைவிட உங்கள் நெஞ்சுச் சூடு மேல்.

ஸ்டோர்ப் புகையும், தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்தும் கர்ப்பிணிக்கு ஆகாதவைதான்; அடுத்த முறை இரண்டிலிருந்தும் விலகியிருங்கள். ஆனால் இந்தப் பனிக்குடம் இந்த இரவில் உடைந்ததற்கு இதுதான் காரணம் என்று கைகாட்ட எந்த மருத்துவராலும் முடியாது. சிறுநீர்த் தொற்று, பிறப்புவழித் தொற்று, இரத்தசோகை, கர்ப்பப்பை வாயின் தளர்ச்சி என்று பல உண்டு. பலருக்குக் காரணமே தெரியாமல் போகும். ஜீப் குலுக்கல் காரணம் என்றால் அந்த வளைவுகளில் தினமும் ஏறி இறங்கும் பெண்கள் பாதிப் பேருக்குக் குறைப்பிரசவம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் கணவர் அந்த இரவு ஓட்டிய ஜீப்பைத்தான் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். நான் அதற்கு நன்றி சொல்வேன்.

இனி வீட்டில்

ஆஸ்துமாவைப் பற்றி: காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகு, முதல் சில ஆண்டுகளில்தான் உருவாகின்றன. அதனால் நுரையீரல் தேறிவர நல்ல வாய்ப்பு இருக்கிறது. 28 நாளுக்கு மேலும் ஆக்சிஜன் தேவைப்பட்ட குழந்தைகளுக்குத்தான் நாட்பட்ட நுரையீரல் சிக்கல் பெரும்பாலும் வரும். உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டு சளி பிடித்தால் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் இளைப்பு வரலாம். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறையில் விறகடுப்பும் படுக்கையும் ஒரே இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொசுவர்த்தி, பீடி, விறகுப்புகை மூன்றில் ஒன்றையாவது நாளையே நிறுத்துங்கள். முடிந்தால் குளிர்காலம் முடியும்வரை அம்மா வீட்டில் இருங்கள்.

தடுப்பூசியைக் குறைமாதம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிறந்த தேதிப்படியே போட வேண்டும். ஆறாவது வார ஊசிகளின் நாள் வந்துவிட்டது. நிமோனியாவைத் தடுப்பதும் அதில் ஒன்று. தவழ்வது, உட்காருவது ஆகியவற்றுக்கு மட்டும் பிரசவம் ஆகியிருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். காது கேட்கும் பரிசோதனை நடந்ததா என்று வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில் பாருங்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்:

• தூங்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி, மூச்சு 60-ஐத் தாண்டினால்
• விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்வாங்கினால், அல்லது அந்த முனகல் திரும்ப வந்தால்
• உதடோ நாக்கோ நீலம் பாரித்தால், மூச்சு இடையில் நின்று நின்று வந்தால்
• பால் குடிப்பதைத் திடீரென்று நிறுத்திவிட்டால், உடல் சில்லிட்டுப் போனால்

மேலேயா, கீழேயா?

முதலில், இரண்டு ஆண்டு இடைவெளி விடுங்கள். ஒருமுறை குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு மறுபடி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால் மூன்று மாதத்துக்குள் பதிவுசெய்து, இந்தக் கதை முழுவதையும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். 18 முதல் 24 வாரத்துக்குள் ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பார்கள். குறைந்திருந்தால் புரோஜெஸ்டிரான் மருந்தோ ஒரு தையலோ கைகொடுக்கும்.

ஊரைப் பொறுத்தவரை, எந்த மாநிலம் என்பதைவிட எந்த மருத்துவமனை என்பதே கேள்வி. குறைமாதக் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, வென்டிலேட்டர், சர்ஃபாக்டன்ட் கையிருப்பு மூன்றும் உள்ள இடத்துக்கு, மழைக்காலத்தில், இரவில், எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும்? மேலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குப் போவதைவிட, கம்பத்திலிருந்து க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போவது எளிது. ஆகவே என் யோசனை, ஆறாம் மாதம் முடிந்ததும் கம்பத்துக்கு இறங்கிவிடுவது. மாமியார் வீட்டில் இதற்கு முகம் சுளிக்கக்கூடும். வளைகாப்பை முன்னதாக வைத்து அழைத்துப்போகச் சொல்லி உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு பிள்ளையைப் பெட்டியில் 26 நாள் வைத்துப் பார்த்த பிறகு யாரும் அதிகம் வாதாட மாட்டார்கள்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவமும், நோயுற்ற குழந்தைக்கு ஓராண்டுவரை மருந்து, பரிசோதனை, வண்டி ஆகியவையும் கட்டணமின்றித் தர மத்தியத் திட்டம் இருக்கிறது. ஜனனி சிசு சுரக்ஷா என்று பெயர். மாநிலக் காப்பீட்டு அட்டைகள்தான் எல்லை தாண்டும்போது சிக்கல் தரும். எந்த மாநிலத்தில் பிரசவம் என்று தீர்மானித்ததும் அங்கேயே கர்ப்பப் பதிவு எண் வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். கர்ப்பகால அட்டை மலையாளத்தில் இருந்தால் கடைசி மாதவிடாய் தேதி, இரத்த வகை, ஊசி போட்ட நாள் ஆகியவற்றை ஒரு தனித்தாளில் எழுதி அதனோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று என் துறை அல்ல, ஆனாலும் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளருக்கும் மகப்பேறு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் ஊதியத்தோடு 26 வாரம். குறைப்பிரசவத்தால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம்வரை. ஸ்டோரில் உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று தொழிற்சங்கத்துக்காரரிடம் கேளுங்கள். பெயர் இல்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

நர்சிங் ஹோமில் கொடுத்த அந்தச் சீட்டைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். முதல் ஊசி போட்ட நேரம் அதில்தான் எழுதியிருக்கிறது. அடுத்த மருத்துவர் கேட்பார்.

கண் மறுபரிசோதனைக்குக் குறித்திருப்பது வியாழக்கிழமை. மழை வலுக்கும்போல் இருந்தால் செவ்வாய்க்கிழமையே அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுங்கள்.